பூங்காவில் கவாத்து

பேச்சாயி அக்காவின் மீது முதலில் சந்தேகப்பட்டவர் பொன்னுத்துரை சார். இரண்டாவது ஆள் நான்.

அது 2003 கார்த்திகை. மூன்று வருடமாக மழை சரியில்லை. பழனி ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் காலனியில் குழாய்த் தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. காலனிப் பூங்காவைப் பார்த்துக்கொள்ள நலச்சங்கம் வைத்திருந்த ஒரே ஆள் பேச்சாயி. ஐம்பது வயது இருக்கும். நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். அன்றன்று செய்த வேலையை அவரே ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது சங்கச் செயலாளரான பொன்னுத்துரை சாரின் உத்தரவு. சார் ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். சங்கத்துக்கு வேண்டிய கடிதங்களை எழுதிக் கொடுப்பேன்.

அந்த மாதம் செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லிகை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு மொட்டையாகிப் போயின. வெட்டிய கிளைகளைக் காணோம். பாதாம் மரத்துச் சருகைக்கூடக் காணோம். கிளை விறகுக்கும் தழை ஆட்டுக்கும் போகிறது என்றார் சார். அவர் சொன்னதற்காக இரண்டு நாள் மாடியிலிருந்து கவனித்தேன். பனி விலகுவதற்குள் பேச்சாயி சுவரோரம் குழி தோண்டி எதையோ போட்டு, மண்ணைத் தள்ளி, மேலே ஈரச் சாக்கை விரித்தார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

நோட்டை வாங்கிப் பார்த்தோம். ஆறு நாளாக ஒரே சொல், கோணல் எழுத்தில்: கவாத்து.

சார் சிரித்துவிட்டார். “முப்பது வருசம் கிரவுண்டுல கவாத்து போட்டவன் நானு. எங்கிட்டயே கவாத்தா? பார்க்குல யார நிறுத்தி லெஃப்ட் ரைட் சொன்னாளாம்?”

பொய் எழுதியதற்காக வேலையிலிருந்து நீக்குவதாக நோட்டீஸ் தயார் செய்யச் சொன்னார். செய்தேன். நல்ல தமிழில், பிழையில்லாமல்.

கையெழுத்து வாங்கப் போனபோது பேச்சாயி மல்லிகைத் தூரைச் சுற்றிச் சருகைப் பரப்பிக்கொண்டிருந்தார். என் கூட்டெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. படித்துக் காட்டினேன். கையிலிருந்த சருகைத் தூரில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

சேவுகம்பட்டி என்றேன்.

“அங்கிட்டு மல்லி இருக்குமே. கார்த்திகையில அதுக்கு என்ன செய்வாக?”

போன வாரம்தான் அப்பா, சார் வீட்டுப் போனில் என்னைக் கூப்பிட்டிருந்தார். மல்லிகைக்குக் கவாத்து பண்ண ஆள் கிடைக்கவில்லை, இரண்டு நாள் வந்துவிட்டுப் போ என்றார். வேலைக்கு மனுப் போட வேண்டும் என்று தப்பித்துக்கொண்டேன். கிளையைக் குறைத்து வெட்டுவதற்கு எங்கள் வீட்டில் வேறு சொல்லே கிடையாது. காதால் கேட்டு வளர்ந்த சொல், நோட்டில் எழுத்தாக வந்ததும் ஏன் எனக்குச் சாரின் சொல்லாக மட்டும் தெரிந்தது? உண்மையிலேயே தெரியவில்லையா, அவர் வீட்டு மாடியில் இருந்துகொண்டு தெரியாதவன் போல இருந்துவிட்டேனா?

பேச்சாயி சாக்கைத் தூக்கிக் காட்டினார். தழையும் சருகும் பாதி மக்கிக் கிடந்தன. இதைத் தூருக்குப் போட்டால் ஈரம் காயாது, எதிர்வீட்டு ஹாஃபிஸா தரும் அரிசி களைந்த தண்ணீரே பங்குனி வரை போதும் என்றார். நாறுகிறது என்று யாராவது சத்தம் போடுவார்களோ என்றுதான் ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் புதைக்கிறாராம்.

சாரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பொங்கலுக்குள் துளிர்க்காவிட்டால் நோட்டீஸில் தேதியைப் போட்டுவிடு என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் குரங்குக் குல்லாவும் கைத்தடியுமாக வந்து, ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்த்தார்.

மார்கழிக் கடைசியில் செம்பருத்தியில் துளிர் தெரிந்தது.

“நமக்குத் தெரியாம புதுச்செடி நட்டுட்டாளோ?” என்று தண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மறுபடியும் இழுத்தார். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, கவாத்து என்றிருந்த ஆறு நாளுக்கும் நேராகக் கையெழுத்துப் போட்டார். நோட்டீஸைக் கிழித்துவிடச் சொன்னார்.

பொங்கலுக்குச் சங்கம் கொடுத்த சின்னாளப்பட்டிச் சேலைக்கு ரசீது எழுதி, கையெழுத்துக்காகப் பேச்சாயியிடம் நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. தாளை மட்டும் வாங்கி மடித்துக்கொண்டார்.

“செத்த இருங்க தம்பி. ஹாஃபிஸாகிட்ட ஒருக்கா வாசிக்கச் சொல்லிட்டு வாரேன்.”