லேப்டாப்புக்கு ஒரு குரோஷா உறை

கார்களை மோதவிடுவது என் தொழில். பயப்பட வேண்டாம், கணினிக்குள்தான். ஒரு பம்பரை அச்சில் வார்ப்பதற்கு முன்னால், அது சுவரில் முட்டினால் எங்கே நசுங்கும், எங்கே கிழியும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். சாகண் என்ற தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி இதற்காக எனக்குச் சம்பளம் தருகிறது. ஔந்த் பகுதியில் எங்கள் குடியிருப்பு வாசலில் கம்பெனி பஸ் ஏறினால், குண்டும் குழியுமான அந்தச் சாலையில் இடுப்பு கழன்று போகிற மாதிரி ஆடிக்கொண்டே போய்ச் சேரலாம்.

அங்கே கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறையில் ஒரு சர்வர் இருக்கிறது. எங்கள் மோதல்களையெல்லாம் அதுதான் கணக்குப் போடும். அதைப் பார்த்துக்கொள்பவர் என் வயது மராட்டிக்காரர். தசராவுக்கு அதன் கதவில் குங்குமம் வைத்து, செண்டுமல்லி மாலை போட்டுக் கும்பிடுவார். மாலையிலிருந்து ஓர் இதழ் உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று மறுநாள் காலையில் அவரே பதறிக்கொண்டு கழற்றுவார்.

கம்பெனி எனக்குப் புது லேப்டாப் கொடுத்த நாளிலிருந்து அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. விலை கூடிய லேப்டாப், உள்ளே அப்போது கிடைத்ததிலேயே வேகமான ப்ராசஸர். உங்கள் சர்வர் ப்ராசஸரைவிட இது வேகம் என்று நான் சொல்லப்போக, அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டார். மற்ற எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு கேட்கிற மனிதர், அன்று நான் அவருடைய வீட்டுப் பெரியவர்களைப் பேசிவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார். அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் தொட்டுக்கொண்டது இந்தச் சண்டையைத்தான்.

இந்தச் சண்டையை வீட்டில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, விளக்க வேண்டி வந்தது. அத்தை பிறந்து வளர்ந்தது இதே ஊரில், கேம்ப் என்கிற பழைய பட்டாளத்துப் பகுதியில். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தமிழ் அங்கிருந்து வந்தது, நடுநடுவே விழும் இந்தியும் மராட்டியும் கடைத்தெருவிலிருந்து வந்தவை. கிறிஸ்துமஸுக்குக் கல்கல் என்ற பொரித்த இனிப்பைச் செய்யும்போது அவர் வீட்டில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முள்கரண்டியின் முதுகில் மாவை வைத்து உருட்டுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த எனக்கு அது கல்யாணத்துக்குப் பிறகு பழகியது.

"அத்தை, சர்வர்ங்கறது கல்கல் உருட்ட உக்கார்ற கூட்டமாட்டங்க. ஒவ்வொருத்தரும் நிதானமாத்தான் உருட்டுவாங்க, ஆனா அத்தனை கை. நாள் பூரா உருட்டுனாலும் சலிக்காது. லேப்டாப்புல கை கொஞ்சம். ஒவ்வொரு கையும் பறக்கும். ஆனா சூடு ஏறுனா கை ஓஞ்சு போயிருமுங்க."

"உன் மாப்பிள்ள மாதிரி," என்றார் அத்தை. "அரமணி நேரம் ஜல்தி ஜல்தியா உருட்டுவான். பொறவு ஆளக் காணாது."

பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என் கணவர் அதைக் கேட்காத மாதிரி இருமினார்.

இதெல்லாம் விளையாட்டாக இருந்த காலம். பிறகு நான் கர்ப்பமானேன். இரண்டாவது முறை. முதல் முறை மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. யாருடைய தவறும் இல்லை, இது பலருக்கும் நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். என் மனம் மட்டும் அந்தச் சாலையையே நினைத்துக்கொண்டிருந்தது. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பஸ் பயணமே கூடாது, பெரும்பாலும் படுத்துத்தான் இருக்க வேண்டும் என்றார் அதே டாக்டர்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. ஆனால் வாடிக்கையாளரின் வரைபடங்கள் இணையம் வழியாக வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் வீட்டிலிருந்து சர்வரைத் தொட முடியாது. கடவுச்சொல் பூட்டுப் போட்ட கம்பெனி லேப்டாப்பில் செய்தால் மட்டும் சரி. ஒரு முழு வேலையை அந்த லேப்டாப் ஒரே பகலில் முடித்துக் காட்டினால் நான் வீட்டிலிருந்தே பார்க்கலாம், இல்லையென்றால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றார். போடுகிற ஆள் பிறகு எழுந்து போய்விடுவாரா என்ன? வேலையா பிள்ளையா என்று என்னை யாரும் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு இரண்டும் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இரண்டும் வேண்டும்.

அத்தை கேம்ப் வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு பையில் துணியும் இன்னொரு பையில் நூல்கண்டும் குரோஷா ஊசியுமாக எங்களோடு வந்து இருந்தார். அவர் வீட்டில் உறை போடாத பொருள் கிடையாது. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குச் சட்டை. வந்த ஒரு வாரத்தில் எங்கள் தண்ணீர் ஃபில்டர் வெள்ளைப் பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. அடுத்து கொஞ்சம் பெரிதாக ஏதோ பின்ன ஆரம்பித்தார். பிள்ளைக்குப் போர்வை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் கேட்ட சோதனையை நாங்கள் பந்தயமாகவே ஆக்கிக்கொண்டோம்; அந்த நாள் டிசம்பரில் வந்தது. சாகணில் மராட்டிக்காரர் சர்வரிலும், ஔந்த்தில் நான் லேப்டாப்பிலும், ஃபோனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் ஒரே வேலையை ஓடவிட்டோம். முதலில் பம்பரைப் பொடிப்பொடிக் கட்டங்களாக வெட்ட வேண்டும், அதற்குப் பிறகு மோதல். என் லேப்டாப்பின் ஃபேன் எடுத்த எடுப்பிலேயே இரைய ஆரம்பித்தது. படுக்கைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பச்சைப் பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மதியம் வரை நன்றாகவே நகர்ந்தது. அத்தை ரசம் சாதம் கொண்டு வந்து கொடுத்தார். அதற்கு முன்பு பல நாள் சரியாகத் தூக்கமில்லை. சாப்பிட்டதும் கண் சொருகிவிட்டது.

விழித்தபோது அறை இருட்டாகவும் இதமாகவும் இருந்தது. ஜன்னல் மூடியிருந்தது. திரைச்சீலையும் இழுத்து விட்டிருந்தது. இரைச்சலும் இல்லை. மேசையைப் பார்த்தேன். பக்கம் ஒரு பூவாகப் பின்னிய இளமஞ்சள் உறை லேப்டாப்பைத் தலை முதல் கால் வரை மூடியிருந்தது. அதற்கு மேல் பந்தோபஸ்தாக என் சால்வை, நான்காக மடித்து.

உறையை இழுத்தெறிந்தேன். கீபோர்டில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. பச்சைப் பட்டை நான் தூங்கப் போன இடத்திலிருந்து நகர்ந்தேன் என்று பேருக்கு நகர்ந்திருந்தது. சூடு தாங்காமல் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"அத்தை, என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? அது மூச்சு விடற எடமுங்க அதெல்லாம். போச்சு. என்ர வேலை போச்சு."

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, அழுகைதான் வரும். அழுதேன். அத்தை வாசற்படியிலேயே நின்றார். கையெல்லாம் கல்கல் மாவு.

"அந்தப் பங்கா ஓயாம கத்துது தாயி. நீ இப்பந்தான் கண்ண மூடுன. எந்திரிச்சிருவியேன்னு கிட்கிய பந்த் பண்ணேன். ஓட்ட ஓட்டயாத்தான் பின்னிருக்கேன், காத்துப் போகும்னு நெனச்சேன். அப்பயும் சத்தம் கேட்டுது, அதான் சால்வ." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "போன தடவ நீ தூங்கவே இல்லல்லா."

அதற்கு மேல் நான் என்ன கோபப்படுவது? போன முறை நான் எத்தனை இரவு விழித்துக் கிடந்தேன் என்பது எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். என் தோளில் மாவு ஒட்டியது.

சாயங்காலம் சாகணிலிருந்து ஃபோன். அவருடைய சர்வர் எப்போதோ முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டதாம். அதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. லேப்டாப் எழுதி வைத்திருந்த கோப்பில் வேலையின் ஒவ்வொரு படியும் எப்போது முடிந்தது, வேகம் எவ்வளவு என்ற எண்களை மட்டும் படிக்கச் சொன்னார். படித்தேன். மதியத்துக்கு மேல் வேகம் பாதாளத்துக்குப் போகிறதே, அடுப்பில் வைத்தீர்களா என்று கேட்டார். மாமியார் குரோஷா உறை போட்டார், மேலே சால்வையும் போர்த்தினார் என்றேன். மறுமுனையில் இருமல் வருமளவு சிரித்தார். அவருடைய அம்மாவும் வாஷிங் மெஷினுக்குப் பூப்போட்ட சட்டை தைத்துப் போட்டிருக்கிறாராம்.

சிரித்து முடித்து, உள்ளதைச் சொன்னார். உறை போடாவிட்டாலும் மோதலில் லேப்டாப் தோற்றிருக்கும். அத்தனை கட்டங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க அத்தனை கை, அதாவது கோர், வேண்டும். சர்வரிடம் இருக்கிறது, லேப்டாப்பிடம் இல்லை. எனக்கும் தெரிந்ததுதான், ஆசை விடவில்லை. சரி என்று ஃபோனை வைக்கப் போனேன். இருங்கள், அந்த முதல் எண்ணை இன்னொரு தடவை படியுங்கள் என்றார்.

முதலில் இருந்தது கட்டம் வெட்டுகிற வேலை. அது ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நடக்கும், பங்கு பிரிக்க முடியாது. எத்தனை பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தாலும் மாவு பிசைவது ஒருவர்தானே! அதில் லேப்டாப் சர்வரைத் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. சர்வர் பாதி வெட்டும் முன்னே இது வெட்டி முடித்துவிட்டது. இத்தனை வருடமும் நாங்கள் இருவரும் மோதலின் நேரத்தை மட்டும் வைத்துச் சண்டை போட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் செய்து என் நாளில் முக்கால்வாசியைத் தின்னும் வேலை இந்த வெட்டுதான், அதை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

மேனேஜரிடம் அவரே போய்ப் பேசினார். வெட்டுவது ஔந்த்தில், மோதுவது சாகணில். பாணேரில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பைக்கில் சாகணுக்குப் போகும் வழியில் அவர் எங்கள் வீட்டில் நிறுத்தி, பூட்டுப் போட்ட டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போவார். மேனேஜர் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் மணியடித்ததும் அத்தைதான் கதவைத் திறப்பார். டிஸ்க்கோடு கல்கல் ஒரு பொட்டலமும் போகும். அவர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். விடுப்பு முடிந்த பிறகும் கொஞ்ச காலம் அதே ஏற்பாட்டில் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். அத்தைக்கு லேப்டாப்பின் மேல் இப்போது மரியாதை. கேக்கை ஆறவைக்கும் கம்பித் தட்டை அதற்கென்றே கொடுத்துவிட்டார், அடியில் காற்றுப் போக வேண்டுமாம். அது இரைய ஆரம்பித்தால் அத்தை அதைத் தொட மாட்டார். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

ஒரு மதியம் பெரிய வேலை ஒன்றை ஓடவிட்டுவிட்டு, மகளுக்குப் பால் கொடுத்தபடியே நானும் தூங்கிப்போனேன். விழித்தபோது இருட்டு, இதம், ஒரு சத்தமும் இல்லை. மகள் பக்கத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். மேசையில் லேப்டாப்பைக் காணோம்.

ஹாலுக்கு ஓடினேன். சாப்பாட்டு மேசை மேல் கம்பித் தட்டு, அதன் மேல் லேப்டாப், சார்ஜரும் மறக்காமல் செருகப்பட்டு, முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. குளிருக்குக் காதில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அத்தை அதன் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"புள்ளய மட்டும்னா தூக்கிட்டு வந்துருவேன்," என்றார். "உன்னத் தூக்க முடியுமா? அதான் இதத் தூக்கிட்டு வந்தேன்."

அப்போதுதான் என்னைப் பார்த்துக்கொண்டேன். படுக்கையிலிருந்து எழுந்து ஓடி வந்ததில், தூங்கும்போது என் மேல் போர்த்திவிட்டிருந்ததையும் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். என் தோளில் அந்த இளமஞ்சள் உறை கிடந்தது.