நாற்பத்திரண்டு தூண்கள்

கணினி செங்கல் எண்ணிக்கையைக் காட்டியதும் கிருபைராஜ் கால்குலேட்டரை எடுத்துவிடுவார். வரைபடத்தில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு சுவராகப் பெருக்கிப் பார்த்து, ஒன்றரை மணி நேரம் கழித்து, "சரியாத்தான் சொல்லுதான்" என்பார். கணினி அவருக்கு எப்போதும் 'அவன்'தான்.

பாளையங்கோட்டையில் மகாராஜனின் கட்டட நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாக எஸ்டிமேட் போடுகிறார். கட்டப்போகும் கட்டடத்துக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று முன்கூட்டியே சொல்லும் வேலை. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், இலைமுன் உட்காருவதற்குள் கூடத்தைக் காலடியால் அளந்து முடித்திருப்பார். நேரம் மிச்சமாகும் என்றுதான் மகாராஜன் அந்த மென்பொருளை வாங்கினார். கிருபைராஜின் மறுகணக்கால் வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம்.

போன மாதம் ஸ்ரீவைகுண்டத்துக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு மாலை நான்கு மணிக்குள் எஸ்டிமேட் போய்ச் சேர வேண்டும். வேறு வேலை எதுவும் கையில் இல்லாத மாதம் அது. கணினியைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் சுகன்யா இரண்டு மணிக்குக் கணக்கை எடுத்தாள். கான்கிரீட் அணை கட்டுகிற அளவுக்கு வந்திருந்தது. மண்டபத்துக்குத் தூண் பதினெட்டு. கணினி அறுபது என்றது.

கிருபைராஜ் வரைபடத்தின்மேல் கவிழ்ந்தார். வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றிலும் குட்டி குட்டி வட்டங்கள். வரைந்தவர் அழகுக்காகப் போட்ட தென்னை மரங்கள்.

"தென்னமரத்துக்கெல்லாம் கம்பி கட்டிட்டான், சுகன்யாம்மா," என்றார் பைய. பிறகு ஆபீஸ் முழுவதற்கும் தன் செலவில் டீ சொன்னார்.

அந்தச் சந்தோஷம் டீ வந்து சேரும்வரைதான் நீடித்தது. மரங்களை எடுத்த பிறகும் கணினியின் கணக்கும் அவர் கையால் போட்ட கணக்கும் ஒத்துப்போகவில்லை. சுகன்யா வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்து, சொல்லத் தயங்கி, கடைசியில் விரலால் காட்டினாள். மணமகள் அறைக்குக் கிருபைராஜ் கூரையே போடவில்லை.

மகாராஜன் எட்டிப் பார்த்தார். "பொண்ணு மழையில நனையட்டும்னு விட்டுட்டீராவே?"

கிருபைராஜ் காதெல்லாம் சூடாக, விட்டுப்போன கூரையைச் சேர்த்து எழுதினார். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எஸ்டிமேட் போனது, வேலையும் கிடைத்தது.

நேற்று வள்ளியூர் வீடு ஒன்றின் வரைபடம் வந்தது. சுகன்யா அதைக் கணினிக்குக் கொடுத்தாள். அதே நேரம் கிருபைராஜும் தன் மேசையில் பேனாவைத் திறந்தார். நாலு வரி எழுதியவர் ஒருமுறை நிமிர்ந்து திரையைப் பார்த்தார். பிறகு, பரீட்சை எழுதும் பையனைப்போல, அவனுக்குத் தெரியாதபடி இடது கையால் தாளை மறைத்துக்கொண்டார்.