கோப்புக்குள் நான் வைத்த கடிதம்

அந்தக் கடிதத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. ஒரே ஒரு பக்கம். இங்கிலிசில் தட்டச்சு செய்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் என் கையாலேயே அதை மகளின் கோப்புக்குள் வைத்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், சரவணையில் தோட்டம் செய்தேன். காலையில் குளித்துத் திருநீறு பூசி ஒரு தேவாரமாவது பாடாமல் தேத்தண்ணீர் குடித்தது கிடையாது. எங்கள் வீட்டில் படித்தவள் மகள் ஒருத்திதான். பட்டம் எடுத்து, யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்திலேயே வேலையும் எடுத்தாள்.

அவளுடைய படிப்பு தண்ணீரைப் பற்றியது. எங்கள் தீவில் கிணறு நல்லதாக இருந்தால்தான் சீவியம். நான் சின்ன வயதில் குடித்த கிணறுகளில் பாதி பின்னாளில் உவராகிப் போயின. ஏன் ஒரு கிணறு உப்பாகிறது, பக்கத்து வளவுக் கிணறு ஏன் தப்புகிறது என்பதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் சைக்கிளில் போத்தல்களைக் கட்டிக்கொண்டு சரவணையிலிருந்து மண்கும்பான் மணல்மேடு வரை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் அள்ளுவாள்.

"ஏன் பிள்ளை, கம்பசிலை தண்ணி இல்லையோ?" என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள்.

"இருக்கு மாமி. உங்கடை உப்புத்தான் அங்கை இல்லை" என்பாள்.

இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் நின்ற காலத்தில் அவளுக்கு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு மேலான முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்த நாட்டின் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. படிப்புச் செலவை அவர்களே பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்கள். ஒரு வருஷம் படித்துவிட்டு வந்து தன் வேலையில் திரும்பச் சேருவதென்பது அவளுடைய எண்ணம். மிச்சம் இருந்தது விசா மட்டும்.

ஊரில் இதை ஒருவரும் நம்பவில்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் எல்லாரும் அகதி என்று பதிந்து அங்கேயே நின்றார்கள். அது அவர்களுடைய உயிர்ப் பிரச்சினை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் படிப்பதற்காகவே ஒரு பெண் போகிறாள், படித்து முடித்துத் திரும்பி வருவாள் என்று சொன்னால் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் அன்றே அடக்கியிருக்க வேண்டும்.

சிரித்தவர்களில் முதல் ஆள் என் மனைவியின் தமையன். தென்பகுதியில் கடை வைத்திருந்து, கலவரத்தில் கடை எரிந்து ஊருக்கு வந்தவர். சிங்களமும் இங்கிலிசும் தெரிந்தவர். அரசாங்கக் கந்தோர் அலுவல் எதுவென்றாலும் நாங்கள் அவரிடம்தான் ஓடுவோம். அவர் ஒருநாள் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மச்சான், குமர்ப்பிள்ளையைத் தனிய அனுப்பிப்போட்டு நீர் இஞ்சை தேவாரம் பாடிக்கொண்டிருக்கப் போறீரோ?"

"படிக்கத்தானே போறாள்" என்றேன்.

"படிப்பு ஒரு வருசம். பிறகு? அந்த நாட்டிலை எங்கடை தீவுப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். தங்கமான குடும்பம். சாதகத்தைத் தாரும், பார்ப்பம்."

"அவளைக் கேட்கவேணுமே."

"விசா கையிலை வரட்டும், பிறகு கேளும். இப்ப சொன்னா அவள் குழப்புவாள்."

மனைவியும் "அண்ணை சொல்லுறது சரிதானே" என்றாள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பெண்பிள்ளை கடல் கடக்கப் போகிறாள் என்றால் முதலில் அங்கே ஒரு மாப்பிள்ளை. சாதகம் பொருந்தியது. மகளுக்கு இதை மறைத்தேன்.

கொழும்புக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மகளின் கோப்பை எடுத்துக்கொண்டு நயினாதீவு அம்மன் கோவிலுக்குப் போனேன். அம்மன் காலடியில் வைத்து எடுப்பதற்கு. மைத்துனர் மாப்பிள்ளையின் தாயையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்திருந்தார். அம்மனுக்கு முன்னால் அந்தத் தாயின் கையில் வெற்றிலையைக் கொடுத்து, என் மகள் உங்கள் வீட்டுக்குத்தான் என்று வாக்குச் சொன்னேன். பூசை முடிந்ததும் மைத்துனர் ஒரு கடித உறையை நீட்டினார்.

"மாப்பிள்ளை அனுப்பின பொறுப்புக் கடிதம். பைலிலை மேலாலை வையும். அங்கை ஒரு பொறுப்பான ஆள் இருக்கெண்டு கண்டால்தான் வெள்ளைக்காரன் விசா தருவான்."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். உறையிலிருந்து எடுத்து, திருநீற்றுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். ஒரு கும்பிடும் போட்டேன். நாடாவால் கட்டி நானே கொழும்பு வரைக்கும் கொண்டுபோனேன். தூதரக வாசலில் அவளிடம் கொடுத்தேன். அவள் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அப்பன் கொண்டுவந்த கோப்பு, அம்மன் காலடியில் இருந்து வந்த கோப்பு. ஏன் பார்ப்பாள்?

தெருவின் மறுபக்கத்தில் ஒரு மரத்தடியில் நின்று கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிவதற்குள் அவள் வந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கையில் அந்த ஒரு தாள்.

"ஐயா, இதை ஆர் வைச்சது?"

"நான்தான் பிள்ளை. ஏன்?"

"உள்ளை இருந்த வெள்ளைக்காரன் கேட்டவன், படிச்சு முடிச்சுத் திரும்பிப் போவீரோ எண்டு. போவன், என்ரை கிணறுகள் அங்கை கிடக்கு எண்டனான். பிறகு இதை எடுத்து எனக்கே வாசிச்சுக் காட்டிப்போட்டு, விசா இல்லை எண்டவன்."

"என்ன எழுதியிருக்கு?"

"என்னைக் கலியாணம் கட்டுறாராம். நான் இனி ஊருக்குத் திரும்பத் தேவையில்லையாம். படிப்பு முடிஞ்சாலும் முடியாட்டிலும் தான் வைச்சுப் பார்ப்பாராம்." மூச்சு வாங்கினாள். "ஆர் ஐயா இந்த மனிசன்?"

"பொறுப்புக் கடிதம் எண்டு மாமா சொன்னவர்" என்றேன்.

"பொறுப்போ? நான் என்ன பார்சலோ, ஒருத்தர் கையெழுத்துப் போட்டு எடுக்க?" பிறகு மெதுவாகச் சொன்னாள், "என்னட்டைத் தந்திருந்தால் வாசிச்சுச் சொல்லியிருப்பன். எனக்கு இங்கிலிசு தெரியும்தானே."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சொல்லை இன்றைக்கும் தாங்க ஏலாது. வீட்டில் முதுமாணி படிக்கப் போகிற பிள்ளை இருக்கிறாள். நான் கடிதம் வாசிக்க மைத்துனரை நம்பினேன்.

ஊருக்கு வந்ததும் நேரே மைத்துனர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை.

"விசா இல்லாட்டி என்ன மச்சான்? கள்ளமா ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் இருக்கிறான். மூண்டு நாடு தாண்டினால் மாப்பிள்ளை வாசலிலை நிப்பார்."

"அவள் படிக்கப் போறவள்!"

"படிச்சென்ன, உப்புத் தண்ணியைச் சீனித் தண்ணி ஆக்கப் போறாளோ?"

அவருடைய கடை எரிந்தபோது நான் அவருக்காக அழுதவன். அந்த மனிதர் என் பிள்ளையின் படிப்பை இப்படிச் சொன்னார். நான் எழும்பி வந்தேன். அங்கே நின்றிருந்தால் கையை நீட்டியிருப்பேன்.

மகள் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். அடுத்த வருஷம் வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகப் பதில் வந்தது. அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாமல்தான் அந்தக் கடிதம் வைச்சது, அப்பிடி ஒரு கலியாணம் இல்லை எண்டு நீங்கள் எழுதித் தரவேணும், ஐயா."

எழுதினால் அம்மனுக்கு முன் சொன்ன வாக்குப் போய்விடும். எழுதாவிட்டால் அவளுடைய படிப்புப் போய்விடும். வாழ்நாளில் கொடுத்த சொல்லை மாற்றாதவன் நான். இந்த முடிச்சுக்குள் என்னைக் கொண்டுவந்து விட்டவர்கள்மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மறுபடி நயினாதீவுக்குத் தனியே போனேன். அம்மன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அர்ச்சனைத் தட்டோடு முன்னால் நிற்கும்போது எனக்குத் தானாகவே உறைத்தது: வெற்றிலையோடு நான் கொடுத்தது என் மகளின் வாழ்க்கை. எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை அம்மனுடைய சந்நிதியில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதுதான் குற்றம். மகள் படித்து முடித்தால் தேர்த் திருவிழாவில் பிரதட்டை செய்கிறேன், உன் வெளிவீதியில் உருண்டு வருகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டு வந்தேன்.

மாப்பிள்ளையின் தாயிடம் போய்ச் சொன்னபோது அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"அம்மனுக்கு முன்னாலை சொன்ன வாக்கு, தம்பி."

"ஓம் அக்கா. அந்தப் பாவம் எனக்கு. பிள்ளையைக் கேளாமல் சொல்லிப்போட்டன்."

கதவைச் சாத்தினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

பிறகு குந்தியிருந்து எழுதினேன். தமிழில், என் கையெழுத்தில். "என் மகளுக்குத் தெரியாமல் நான் அந்தக் கடிதத்தை வைத்தேன். எனக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியாது. அவளுக்கு அப்படி ஒரு கலியாணம் இல்லை. அவள் திரும்பி வருவாள். எங்கள் கிணறுகள் உவராகின்றன. அவள் வருவாள் என்பதற்கு நான் வாக்கு." சமாதான நீதவானிடம் முத்திரை குத்தி, மொழிபெயர்ப்பும் எடுத்தோம். மகள் ஒவ்வொரு வரியையும் எனக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கோப்பில் வைத்தேன். அந்த முறை விசா கொடுத்தார்கள்.

அவள் போனாள், படித்தாள், முடித்தாள். அவள் முடிக்கிற நேரத்தில் இங்கே திரும்பவும் சண்டை. அரச படை தீவுக்குள் வந்தது. நாங்கள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டு யாழ்ப்பாணத்தில் உறவினர் வளவுக்கு வந்தோம். நான் அவளுக்கு எழுதினேன்: "வராதே பிள்ளை. நான் கொடுத்த வாக்கு என்னோடு போகட்டும்." கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் அவளுடைய பதில் வந்தது. "வேலை யாழ்ப்பாணத்திலைதானே இருக்கு. வருவன் எண்டு நானும் சொன்னனான். என்னைப் பொய்க்காரி ஆக்காதேங்கோ."

வந்தாள். கொழும்பிலிருந்து வவுனியா, பிறகு நடை, சைக்கிள், தோணி. ஒரு காலை நேரம் வளவு வாசலில் மெலிந்து கறுத்து நின்றாள். பக்கத்து வீட்டில் ஒதுங்கியிருந்த மைத்துனர் வேலியால் எட்டிப் பார்த்தார்.

"வெளிநாடு போனதுகளிலை திரும்பி வந்த முதல் விசரி இவள்தான்."

அன்றைக்கு நான் விடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "வாயை மூடும்! ஒரு வருசத்தை உம்மடை கடிதத்தாலை திண்டனீர், காணாதோ? சொன்ன சொல்லுக்கு வந்தவள் விசரியெண்டால், நீர் ஆர்?" சனம் கூடிவிட்டது. மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். மைத்துனர் தலையை உள்ளே எடுத்துக்கொண்டார். பிறகு என்னோடு பேச்சில்லை. எனக்கும் அது தேவையில்லை.

மகள் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். இப்போது யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் தண்ணீர் அள்ளுகிறாள். அவளுடைய கொப்பியில் எங்கள் தீவுக் கிணறுகள் எல்லாம் வளவுக்காரர் பேரோடு வரிசையாக இருக்கின்றன. கடைசியாகத் தண்ணீர் அள்ளிய திகதியோடு அப்படியே நிற்கின்றன. தீவு படையின் கையில், அங்கே இப்போது ஒருவரும் போக ஏலாது. திரும்பி வருவாளா, வருவாளா என்று அவளைக் குடைந்தார்களே, வந்தவளுக்கு அவளுடைய கிணறு எங்கே என்று யாரைப் போய்க் கேட்பது?

நயினாதீவுக்கும் வழியில்லை, என் நேர்த்தியும் அப்படியே கிடக்கிறது. "இஞ்சை எத்தினை கோவில் இருக்கு, ஒண்டிலை செய்யுங்கோவன்" என்கிறாள் மனைவி. செய்யமாட்டேன். நான் சொன்னது நயினை அம்மனிடம். ஒருமுறை அவளுக்கு முன்னால் சொன்ன சொல் தவறிவிட்டது. இதைத் தவறவிடுவதாக இல்லை. பிரதட்டைக்கு எடுத்த வேட்டி மடித்தபடி இருக்கிறது.