நாகலாபுரத்தில் இல்லாத ஓட்டல்

புதன்கிழமை, காலை பத்து நாற்பது. கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நானும் மனைவியும் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் திருமண நாளுக்கு இன்று தூத்துக்குடியில் நட்சத்திர ஓட்டலில் தங்க ஆசை. அறைக்கு நாமே ஒரு விலை சொல்லிக் கேட்கும் இணையதளத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கேட்டேன், மறுத்துவிட்டது. ஓர் ஊருக்கு ஒரு நாளில் ஒருமுறைதான் கேட்கலாம். பக்கத்து ஊர் ஒன்றையும் சேர்த்தால் மறுபடி கேட்க விடும். ஆனால் அந்த ஊரில் நட்சத்திர ஓட்டல் இருந்தால் அங்கேயே அறை கொடுத்துவிடலாம், பணம் திரும்பாது. அதனால் நட்சத்திர ஓட்டலே இல்லாத ஊராகப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

மிளகாய் விற்றுவிட்டுக் காலிச் சாக்குகளோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கிறேன். நாகலாபுரத்துக்காரர்.

"அண்ணாச்சி, உங்க ஊர்ல நட்சத்திர ஓட்டல் இருக்கா?"

"வெளாடுதீங்களா? எங்கூர்ல புரோட்டாக் கடையே எட்டு மணிக்குச் சாத்திருவான். அங்கன போயா தங்கப் போறீங்க?"

செல்பேசியில் நாகலாபுரத்தையும் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறுக்குக் கேட்கிறேன். தூத்துக்குடியில், கடல் தெரியும் அறை உறுதியாகிறது. மனைவி கைதட்டுகிறாள். நடந்ததை விளக்கியதும் அண்ணாச்சி சாக்கில் அடித்துச் சிரிக்கிறார்.

"அடுத்த வருசமும் வாங்க. அதுவரைக்கும் எவனும் எங்கூர்ல ஓட்டல் கட்டிராம நான் பாத்துக்கிடுதேன்."