நோகாமல் தூக்கிய எடை

கஷ்டப்பட்டால்தான் எங்கள் ஊரில் மதிப்பு. வண்ணார்பேட்டையில் டயர்க் கடைக்கு மேலே இருக்கும் ஜிம்மில் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஒருவன் எடைக் கம்பியைச் சட்டென்று தூக்கி நிமிர்ந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இன்னொருவன் முகம் கன்றி, கால் நடுங்கி, ஊர்ந்து ஊர்ந்து தூக்கினால் "அப்படித்தாம்லே! விட்ராதலே!" என்று தகரக் கூரை அதிரும். அவன் தூக்கியது குறைந்த எடையாக இருக்கும். அதைப் பற்றி யாருக்கு என்ன?

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சமாதானபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எலும்பு வலுவிழக்கிறது, பாரம் தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் ஜிம் படி ஏறினேன். பிறகு டாக்டருக்காக இல்லாமல் எனக்காகவே ஏறினேன். காலையில் அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பயிற்சி கொடுக்கும் தம்பி ஒரு கரும்பலகையில் எடை எழுதிப் போடுவார். வாரா வாரம் இரண்டரை கிலோ கூடும். தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று பலகை கேட்காது. மாமியாருக்குக் காய்ச்சல் என்று நான் இரவெல்லாம் கண்விழித்திருந்த ஒரு வாரத்திலும் பலகை சொன்னதைத் தூக்கினேன். கம்பி ஆமை வேகத்தில் ஏறியது. பிரமாதமான கைதட்டல். கம்பியைக் கீழே வைத்தவள் நிமிரவில்லை. இடுப்பு பிடித்து, ஒரு மாதம் படுக்கை.

என் வீட்டுக்காரர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டுப் பைய சொன்னார்: "இன்னொரு தடவ இடுப்பு பிடிச்சுதுன்னா ஜிம்முக்கு முழுக்கு. சரிதானா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் ஒரு கருவி அனுப்பினாள். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். அதிலிருந்து வரும் கயிற்றைக் கம்பியில் மாட்டிவிட்டால், கம்பி எவ்வளவு வேகமாக ஏறியது என்று காட்டும். நேற்றுத் துள்ளி ஏறிய அதே எடை இன்றைக்குச் சோம்பி ஏறினால், உடம்பு களைத்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியில் மாட்டிய எடைத் தட்டுகளில் சிலவற்றைக் கழற்ற வேண்டும். விறுவிறுவென்று ஏறினால் கூடுதலாகப் போடலாம். வலி வந்து சொல்வதற்கு முன்னாலேயே வேகம் சொல்லிவிடும்.

ஜிம்மில் ஒரே கொண்டாட்டம். "அக்கா தூண்டில் போட்டாச்சு வே, கெளுத்தி விழுதான்னு பாப்போம்!" நான் தட்டைக் கழற்றும் நாட்களில் தம்பிக்கு முகம் சுண்டிவிடும்.

"யக்கா, பலகைல போட்டத விட்டுட்டு இப்படிக் குறைக்கீயளே. நோகாம நொங்கு திங்கப் பாக்குதீய."

"நொங்க நோகாமத்தாம் தம்பி திங்கணும். நொந்துக்கிட்டுத் திங்க அதென்ன வேப்பங்கொட்டையா? எங்கடைக்கு வாரவுக எல்லாருக்கும் ஒரே அளவு மாத்திரையா குடுக்கேன்? ஆளப் பாத்து, அன்னைக்கு அவுக இருக்க இருப்பப் பாத்துதான குடுக்கேன்?"

சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் எனக்குள் இன்னொன்று பழகிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் கருவியைப் பார்க்கும் முன்னால் வேகம் எவ்வளவு இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்வேன். முதலில் கன்னாபின்னாவென்று தப்பும். போகப் போக முதுகே சரியாகச் சொல்ல ஆரம்பித்தது.

இந்தக் கோடையில் மாவட்டப் போட்டி வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். என் வயதுப் பிரிவில் இரண்டே பெண்கள்: நானும் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த ஒரு டீச்சரும். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதலில் வருபவர் மாநிலப் போட்டிக்குப் போவார். கம்பியில் எந்தக் கருவியும் கட்டக் கூடாது. என் வீட்டுக்காரர் முன்வரிசையில், எங்கள் கடையிலிருந்தே எடுத்து வந்த வலிக் களிம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது வாய்ப்பில் டீச்சர் நூறு கிலோ தூக்கினார். நான் தொண்ணூற்றைந்து. இறங்கி வந்ததும், அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம்தான். தம்பி ஓடி வந்தார்.

"தொண்ணூத்தேழர போதும்க்கா. மூஞ்சி செத்துப் போச்சு. இந்த வயசுல ரெண்டாவதே பெருசுல்லா."

ரெண்டு பேரில் ரெண்டாவது என்றால் கடைசி. இது கூடவா தெரியாது?

"மூஞ்சிய வச்சா தூக்குதேன்? கம்பி வேகமாத்தான் வந்துச்சு. நூத்தி ரெண்டரன்னு குடுங்க."

"இடுப்பு போச்சுன்னா?"

"போனா எனக்குத்தான போகும்? குடுங்க தம்பி."

மேடை ஏறும்போது பயந்தேன். சொல்வதற்கென்ன, நன்றாகவே பயந்தேன். நான் நினைத்தது தப்பென்றால் அந்தக் காலை ஒரு மணி நேரம் போய்விடும். வாழ்நாளுக்கும் போய்விடும். வீட்டுக்காரர் இருந்த பக்கம் பார்க்காமல் குனிந்து பிடித்தேன். கம்பி தரையை விட்டுக் கிளம்பிய அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. நிற்காமல் ஏறியது. நிமிர்ந்து நின்றேன். மூன்று நடுவர்களும், தூக்கியது செல்லும் என்று வெள்ளை விளக்குப் போட்டார்கள்.

கைதட்டல் பேருக்குத்தான். பின்வரிசையில் ஒருவர், "எட சரியாப் போட்டாவளா? அந்தம்மா முக்கவே இல்லியே வே" என்றார்.

அடுத்து டீச்சர் நூற்றைந்துக்குப் போனார். பாவம், முழங்கால் வரை இழுத்து இழுத்துக் கொண்டுவந்தார், உடம்பே ஆடியது, அதற்கு மேல் முடியாமல் கம்பியைக் கீழே போட்டுவிட்டார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. நானும் தட்டினேன், அத்தனை நெஞ்சுரம் அவருக்கு. ஊர் அவரைத்தான் மெச்சியது. மாநிலப் போட்டிக்கு வாசித்த பெயர் என்னுடையது.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். வீட்டுக்காரர் பின்னால் ஏறாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"அந்தக் களிம்பு சீல் உடைக்காமதான இருக்கு?"

"ஆமா."

"அப்பம் கடையிலயே திருப்பி வச்சிருங்க. தேவப்படுதவுக யாராவது வருவாவ."