கடைசி வாரம் இல்லாத தொடர்கதை

போன ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையத்தில் ஒரு புதுமனை புகுவிழா. பால் காய்ச்சி, பந்தி முடிந்து, வந்தவர்களில் பாதிப்பேர் கிளம்பியிருந்தார்கள். நான் கை கழுவிவிட்டு ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலி தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் ருக்மணியக்கா. அவருடைய மகள் கவிதா பள்ளிக்கூட ஆசிரியை. விசேஷ வீட்டிலும் கையில் ஒரு வினாத்தாள்! மறுநாள் ஏழாம் வகுப்புக்குப் பரீட்சையாம்.

"சித்தி, நீங்க வாராவாரம் எழுதறவங்க. இதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க பாக்கலாம்."

ஒரு சின்னக் கதை. அதன் கீழே மூன்று கேள்விகள். கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது? அதன் மையக் கருத்து என்ன? இதை எழுதியதில் ஆசிரியரின் நோக்கம் என்ன?

முதல் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிட்டேன். மூன்றாவதுதான் உதைத்தது. தகவல் சொல்வதா, அறிவுரை சொல்வதா, மகிழ்விப்பதா — டிக் அடிக்கக் கட்டம் போட்டிருந்தார்கள். எனக்கு எதில் அடிப்பது என்றே தெரியவில்லை. இத்தனை வருடம் எழுதுகிறேனே, என் நோக்கம் என்ன என்று யாராவது கேட்டால், செவ்வாய்க்கிழமைக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும் என்பதைத் தவிர என்ன சொல்வேன்?

"என்னங்க சித்தி... உங்களுக்கே தெரியலீங்களா?"

சமையலறையிலிருந்து ருக்மணியக்கா சிரிப்பது கேட்டது. "அம்மிணிய ஏன் கேக்கற கண்ணு? மும்தாஜ் அக்கா வர்றேன்னு சொல்லியிருக்கறாங்க. அவங்களைக் கேளு, கரெக்டா சொல்லுவாங்க."

மும்தாஜ் அக்கா! அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் புதுத் துணியின் வாசனையே வந்துவிட்டது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — எழுத வருவதற்கு முன்னால் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். செக்கிங் செக்‌ஷன். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, ஓட்டை உடைசல் இருந்தால் தனியே எடுத்துப் போடுகிற வேலை. நான், ருக்மணியக்கா, மும்தாஜ் அக்கா மூவரும் ஒரே மேஜை.

மதியம் மெஷின்கள் எல்லாம் நின்றதும் கம்பெனியே திடீரென்று அமைதியாகிவிடும். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு வெட்டிய துணி பீஸ் மூட்டைகளின் மேல் உட்காருவோம். வியாழக்கிழமைகளில் மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. அன்றைக்குத்தான் வாரப் பத்திரிகை வரும். மும்தாஜ் அக்கா தொடர்கதையை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் அவர் படித்துக் கேட்பதுதான் ருசி. மாமியாருக்கு ஒரு குரல், புருஷனுக்கு ஒரு குரல், பக்கத்து வீட்டுக்காரிக்கு மூக்கால் ஒரு குரல்! இப்போது பாட்காஸ்ட், ஆடியோ புக் என்று என்னென்னவோ வந்துவிட்டது. எங்கள் மும்தாஜ் அக்காவின் பக்கத்தில் ஒன்றும் நிற்காது. நான் சத்தியம் செய்யத் தயார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடரில் கதாநாயகி பெயர் சுமதி. குடித்துவிட்டுக் கை நீட்டுகிற புருஷனை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு வேறு ஊரில் வாடகை அறையில் இருப்பவள். எழுதியவர் யார் என்று கேட்காதீர்கள். ஒரே தொழிலில் இருக்கிறோம், வம்பு எதற்கு?

கேட்பது ஒரே கதைதான். ஆனால் ஆளுக்கொரு கதையாகக் கேட்டோம். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து மேஜை மரகதம் அக்காவுக்கு அது ஒரு பாவப்பட்ட மாமியாரின் கதை. எனக்கு அது சுமதியின் கதை. எங்கள் சூப்பர்வைசர் அண்ணன், கதை கேட்காதவர் மாதிரி துணி ரோல்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு முழுக்கக் கேட்பார். கடைசியில் தலையை நீட்டுவார்.

"அந்தாளுக்கும் ஒரு நியாயம் இருக்குமுங்கல்ல? அவன் பக்கத்தையும் எழுதோணுமுங்க."

"நீங்க எழுதிட்டு வாங்கண்ணா, நான் படிக்கறேன்" என்பார் மும்தாஜ் அக்கா. மேஜையே சிரிக்கும்.

ருக்மணியக்கா மட்டும் எந்தப் பக்கமும் பேச மாட்டார். குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஏனென்றால் அவரும் ஒரு சுமதிதான். மங்கலத்தில் புருஷன் வீடு. நடக்கப் பழகிக்கொண்டிருந்த கவிதாவைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தார். அதற்கு முன்பே ஒருமுறை, 'திருந்திவிட்டான்' என்று சொல்லி அழைத்துப் போயிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் உதட்டில் தையலோடு திரும்பி வந்தார். அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது, சிரிக்கும்போது தெரியும்.

தொடரின் கடைசி வாரம் வருவதற்கு முந்தின நாள், புதன்கிழமை, ருக்மணியக்கா புருஷனின் அண்ணன் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். "தம்பி முன்ன மாதிரி இல்ல அம்மிணி. ஞாயித்துக்கெழம கார் எடுத்துட்டு வர்றோம், ரெடியா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன செய்யப் போகிறாய் என்று எல்லோரும் ருக்மணியக்காவைச் சூழ்ந்துகொண்டோம். அவர் ட்ரிம்மரை எடுத்துப் பிசிறு வெட்டியபடியே சொன்னார். "நாளைக்கு சுமதி என்ன பண்றான்னு பாத்துட்டுச் சொல்றனுங்க."

நாங்கள் சிரித்தோம். மும்தாஜ் அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் வியாழன். சூப்பர்வைசர் அண்ணன் அன்றைக்கு ஒளிந்துகொள்ளக்கூட இல்லை, நேராகவே வந்து நின்றார். மும்தாஜ் அக்கா படிக்க ஆரம்பித்தார். சுமதி பையோடும் குழந்தையோடும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். புருஷன் ஊருக்குப் போகிற பஸ் வருகிறது...

அங்கே நிறுத்தினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடர்ந்தார்.

பஸ் கிளம்பிப் போய்விட்டது. சுமதி ஏறவில்லை. பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். அறைப் பூட்டைத் திறந்தாள். அடுப்பைப் பற்ற வைத்து, பிள்ளைக்கு ஒரு தோசை ஊற்றினாள். முற்றும்.

 "இப்படியா முடிப்பாங்க?" என்று முனகிக்கொண்டே சூப்பர்வைசர் அண்ணன் போய்விட்டார். ருக்மணியக்கா டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. வந்த மாதிரியே காலியாகத் திரும்பிப் போனது.

ஆனால் எனக்கு மட்டும் வேறொன்று தெரிந்திருந்தது. படித்து முடித்த பத்திரிகையை வீட்டுக்கு எடுத்துப் போய், தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்துச் சேர்த்து வைப்பது என் பொறுப்பு. தொடர் முடிந்ததும் பைண்டிங் செய்து கம்பெனி முழுக்கச் சுற்றுக்கு விடுவோம். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து கடைசி வாரத்தைப் புரட்டினேன். தூக்கிவாரிப் போட்டது!

சுமதி பஸ்ஸில் ஏறிவிட்டாள். புருஷன் வாசலிலேயே காத்திருக்கிறான். கண்ணைத் துடைத்துவிடுகிறான். பெண்தான் குடும்பத்தின் விளக்கு, அது அணையலாமா என்று ஆசிரியர் ஒரு பத்தி முழுக்க நமக்கு உபதேசம் செய்கிறார். சுபம். அதில் தோசை எங்கும் இல்லை. யோசித்துப் பார்த்தால் நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த எழுத்தாளர் கதை நெடுக சுமதியை நிலா வெளிச்சத்தில் நிறுத்தி அழ வைத்தாரே தவிர, ஒருநாளும் அடுப்படிப் பக்கம் விட்டதில்லை.

மறுநாள் மும்தாஜ் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எழுதினவருக்கு சுமதிய மட்டுந்தான் தெரியும். எனக்கு நம்ம ருக்குவையும் தெரியுமே. போய் மறுபடியும் தையல் போட்டுட்டு வரச் சொல்றயா?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பைண்டிங்குக்குக் குடுக்கறப்ப கடைசி வாரத்தை மட்டும் விட்டுரு கண்ணு."

விட்டுவிட்டேன். வாங்கிப் படித்தவர்கள் எல்லோரும் முடிவு எங்கே என்று என்னைத்தான் திட்டினார்கள். எலி கடித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த பைண்டு இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. பழுப்பேறி, ஓரமெல்லாம் உதிர்ந்து... எதற்காகவாவது அதை எடுத்துப் பார்த்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. அந்த மதிய நேரத்து அமைதியும், யாரோ பிரித்த புளிசாதத்தின் மணமும், மூட்டை மேல் நாங்கள் உட்கார்ந்திருந்ததும் அப்படியே வந்துவிடும். மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரையும் தேடும் எனக்கு.

கூடவே ஒரு பயமும் வரும். ஒரு பொய்யான அத்தியாயத்தை நம்பி ஒருத்தி வாழ்க்கையையே முடிவு செய்துவிட்டாளே! ருக்மணியக்கா தனியாக எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று கூட இருந்து பார்த்தவள் நான். கவிதாவுக்கு ஜுரம் என்றால் தூக்கிக்கொண்டு ஓட இன்னொரு ஆள் கிடையாது. என்றைக்காவது நிஜமான முடிவு அவருக்குத் தெரிந்தால்? எங்களை மன்னிப்பாரா?

அதனால்தான் போன ஞாயிறு, கவிதா வினாத்தாளோடு நகர்ந்ததும், நான் சமையலறைக்குள் போனேன். ருக்மணியக்கா மீந்த பாயசத்தைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மும்தாஜ் அக்காவுக்குக் கரெக்டா தெரியும்னு சொன்னீங்களே... எதுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதட்டுத் தழும்பு தெரியச் சிரித்தார்.

"அந்தக் கடைசி வாரத்தை நான் காலையிலயே படிச்சுட்டேன் அம்மிணி. மத்தியானம் வரைக்கும் பொறுக்க முடியல. பஸ் ஸ்டாண்டுக் கடையில ஒரு புக்கு வாங்கி, நின்ன வாக்குலயே படிச்சுட்டேன். சுமதியே போயிட்டா, நாமளும் போயிருலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் கம்பெனிக்கு வந்தேன்."

நான் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பறம் அக்கா படிக்கறாங்க... புக்குல இல்லாததையெல்லாம் படிக்கறாங்க. மொதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல உக்காந்து பாக்கறேன், புக்கைப் புடிச்சிருந்த கை வெடவெடன்னு நடுங்குது. அப்பத்தான் தெரிஞ்சுதுங்க. அந்த எழுத்தாளர் ஊருக்கே எழுதினாரு. அக்கா எனக்கு மட்டும் படிச்சாங்க."

தூக்கை மூடினார். "நமக்குன்னு ஒருத்தி இப்படி நடுங்கிக்கிட்டுப் பொய் சொல்றப்ப... எப்படீங்க அம்மிணி கார்ல ஏற முடியும்?"

நான் அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை. இத்தனை காலமும் ஏமாந்தவர் ருக்மணியக்கா என்று நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறேன். எங்கள் மூன்று பேரில் அந்தக் கதையைச் சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

"மும்தாஜ் அக்காகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எதுக்குங்க? என்னைய ஏமாத்திக் காப்பாத்திட்டோம்னு அவங்களுக்கு ஒரு சந்தோசம். அதை எதுக்குக் கெடுக்கோணும்?"

அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பித்தளைக் குடத்தோடு மும்தாஜ் அக்கா இறங்கினார். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. எங்கள் முகத்தைக் கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்தார்.

"என்னங்கடி ரெண்டு பேரும் கண்ணைத் தொடைக்கறீங்க? நல்ல நாளும் அதுவுமா!"

"ஒண்ணுமில்லீங்கக்கா, வெங்காயம். உள்ள வாங்க, சாப்பிடலாம்" என்றார் ருக்மணியக்கா.

பாயசம் குடித்துக்கொண்டே மும்தாஜ் அக்கா என்னிடம் சொன்னார். "உன்னோட பத்தியை விடறதே இல்ல கண்ணு. எனக்கு இப்ப எழுத்துக் கண்ணுக்குத் தெரியறதில்ல, மருமகதான் வாராவாரம் படிச்சுக் காட்டுவா."

ஆகவே அந்த மருமகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் மட்டும், அம்மா, கடைசிப் பகுதியைக் கொஞ்சம் மாற்றிப் படித்துவிடு!