பாகூர் மாதிரி ஒரு கொம்யூன்

பிரான்சில் ஒரு குட்டி ஊர். அதன் ஆறு, கோட்டை, யுத்தம் எல்லாம் ஒன்பது வயதிலேயே எனக்கு மனப்பாடம். விருத்தாசலத்தில் இப்படியொரு பண்டிதன் உருவானதற்குக் காரணம் அக்காவின் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் பாண்டிச்சேரி, வேலை அந்த ஊரில். ஊர்ப்பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. “அது ஒரு கொம்யூன்” என்றார், சம்பந்தம் கொண்டுவந்த பாண்டிச்சேரி மாமா. பிரான்சில் எந்தக் குட்டி ஊராட்சிக்கும் அந்தப் பெயர்தான்; அப்பாவுக்குத் தெரிந்த கொம்யூனோ பாண்டிச்சேரிப் பக்கத்துப் பாகூர்தான். “பாகூரு மாதிரின்னா சும்மாவா? கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பஸ்ஸு எல்லாம் இருக்கும்” என்று உட்கார்ந்த இடத்திலேயே ஊரைக் கட்டி முடித்துவிட்டார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் முன் நான் அந்த ஊரைப் பற்றிப் பேசி அசத்த வேண்டும் என்பது மாமாவின் ஏற்பாடு. அவர் சொல்லச் சொல்ல உருப்போட்டேன். மூன்று பக்கம் ஆறு சுற்றிய குன்று. உச்சியில் எந்தப் பிரபுவோ கட்டிய கோட்டை, இப்போது இடிசல். நல்ல களிமண் இருந்ததால் ஒரு காலத்தில் தட்டும் கோப்பையும் சுட்டார்களாம். பீங்கான் சூளையில் வேலை பார்த்த அப்பா “நம்ம தொழிலு!” என்று குளிர்ந்துபோனார். சூளைகள் அணைந்தன, ரயிலும் நின்றது, யுத்தத்துக்குப் போன இளவட்டங்களின் பெயர்கள் சர்ச் வாசல் கல்லில் மட்டும் இருக்கின்றன என்பதையும் மாமா பெருமையாகவே சொன்னார். வெளிநாட்டு ஊர் என்றால் காலியாகக் கிடப்பதும் ஒரு கௌரவம்தானே.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, கூடத்தில் எழுந்து நின்றேன். “பிரபு குன்றைச் சுற்றி ஓடுகிறார். ஆறு கோட்டை கட்டியது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே ஓடினேன்.

கதவோரம் நின்ற அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

“டேய், அங்கேருந்து வெளியூருக்கு பஸ்ஸு இருக்குதா?”

நான் படிக்காத கேள்வி! “தெரியலக்கா.”

“அவருகிட்டயே கேளு. நான் கேட்டன்னு சொல்லாத.”

பெண் கேட்டால் வாயாடி. பொடியன் கேட்டால் சூட்டிகை. போய்க் கேட்டேன்.

“பஸ்ஸா? அதெல்லாம் கெடையாது தம்பி. எதுக்கு? அதான் நான் காரு வெச்சிருக்கேனே!”

“கேட்டீங்களா, காரு!” என்றார் மாமா. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். என் மீதிப் பேச்சை யாரும் கேட்கவில்லை. பிழைத்தேன் என்று அக்காவிடம் ஓடினேன்.

“பஸ்ஸு இல்லியாம்க்கா, காரே இருக்குதாம்!”

“நான் பஸ்ஸைத்தாண்டா கேட்டேன்” என்றாள்.

காதில் விழவில்லை போல என்று, “காரு! காரு!” என்று இன்னும் உரக்கக் கத்தினேன். கூடத்தில் மறுபடி சிரிப்பு.

பல வருஷம் கழித்து அம்மா செத்ததற்குப் பிரான்சிலிருந்து அக்கா வரவில்லை. ரயில் ஏறப் பக்கத்து டவுன் வரை காரில் கொண்டுபோய் விட அத்தானுக்கு ஒழியவில்லையாம்.

பஸ்ஸைவிடக் கார் உசத்தி என்று அந்த வயதில் எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் ஏற யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் தெரியாது.